ஔலியில் சறுக்கினோம்!

பனிச்சறுக்கு என்றதும் நம்மில் பல பேருக்கு சினிமா டூயட்தான் ஞாபகம் வரும். கதாநாயகி மெல்லிய புடவையில் நடுங்காமல் பாடிக் கொண்டிருப்பாள். பின்னால் யாரோ நாலு பேர் சர்ரென்று சறுக்கிக் கொண்டு போவார்கள். அதெல்லாம் சுவிட்ஸர்லாந்தில் நடக்கிற சமாசாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நம் தேசத்திலேயே, அதுவும் பத்ரிநாத் போகிற பாதையிலேயே அப்படி ஓர் இடம் இருக்கிறது, நாற்பது தாண்டியவர்களும் அங்கே போய்க் கற்றுக் கொள்ளலாம் என்று 2023 தீபாவளி சமயத்தில் என் சிநேகிதி வந்து சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும்.

அவளும் நானும் திருச்சியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். இப்போது இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. 2022-ல் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுக்கும்படி ஆயிற்று. கட்டிகள் வந்து, மாதாமாதம் ரத்தமாய்க் கொட்டி, சோகை பிடித்து வெளுத்துப் போயிருந்தாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்று மாதம் கனம் தூக்க வேண்டாம், அப்புறம் எல்லா வேலையும் பார்க்கலாம் என்று சொல்லித்தான் டாக்டரம்மா அனுப்பினார். ஆனால் அவள் வீட்டில் அந்த மூன்று மாதம் முடியவே இல்லை. "குனியாதே", "தண்ணீர்க் குடத்தைத் தொடாதே", "மாடிக்கு எதுக்கு, நான் போறேன்" என்று ஒன்றரை வருஷம். எல்லாம் பிரியத்தில் செய்வதுதான். பிரியத்தோடு செய்கிறவர்களிடம் சண்டை போடவும் முடியாதே!

"ஷோகேஸ் பொம்மையா ஆக்கிட்டாங்கடி என்னை. ஒரு தடவை பனியைத் தொட்டுப் பார்க்கணும். கூட வர்றியா?" என்றாள். தொட்டுப் பார்ப்பதோடு நிற்காது என்பது அவள் கையில் வைத்திருந்த படத்தைப் பார்த்ததும் தெரிந்தது. காலில் கட்டையைக் கட்டிக் கொண்டு ஒரு பெண் மலைச் சரிவில் நின்றிருந்தாள்.

முதலில் டாக்டரம்மாவிடம்தான் போனோம். அவர் சிரிக்கவில்லை. ஹீமோகுளோபின் பார்த்தார், பன்னிரண்டுக்கு மேல் இருந்தது. நாற்பத்தைந்து வயதாகிவிட்டது, கர்ப்பப்பையும் இல்லை, சினைப்பைகள் ஓய்கிற காலம் சற்று முன்னதாகவே வரலாம். அப்போது எலும்பின் பலம் குறையும் என்று சொல்லி, எலும்பு அடர்த்தி பார்க்கும் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். அது வந்ததும், "தாராளமாய்ப் போகலாம். ஆனா காலைத் தயார் பண்ணிக்குங்க. ரெண்டு மாசம் இருக்கு" என்றார். என்னையும் விடவில்லை. ரத்த அழுத்தம் பார்த்து, எனக்கும் அதே உத்தரவு.

அந்த இரண்டு மாதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊருக்குப் போகாதவர்களுக்கும் பிரயோசனப்படும். சறுக்குவதற்கு வேண்டியது தொடையும் முழங்காலும்தான். கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது முதல் பயிற்சி, பத்துப் பத்தாக மூன்று தடவை. அடுத்தது, சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி அரை நிமிஷம் நிற்பது. சாப்பிட்டது தொண்டைக்கு வரும், அப்படி நடுங்கும் தொடை! நம் அம்மாக்கள் மணையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் காய் நறுக்கி, ஆட்டுக்கல்லில் மாவாட்டி, ஒரு நாளைக்கு ஐம்பது தடவை தரையிலிருந்து எழுந்திருப்பார்கள். அவர்களுக்கு இதெல்லாம் வேண்டியிருக்காது. வாரத்தில் இரண்டு நாள் மலைக்கோட்டை ஏறினோம். நானூறுக்கு மேற்பட்ட படிகள். முதல் வாரம் தாயுமானவர் சந்நிதியிலேயே உட்கார்ந்து விட்டோம். மார்கழி முடிவதற்குள் உச்சிப் பிள்ளையார் வரை பேசிக் கொண்டே ஏறினோம்.

என் வீட்டில் மாமியார் என்ன சொல்வாரோ என்றுதான் பயந்தேன். "பத்ரி பக்கமா? வழியில தேவப்பிரயாகை வருமே, பெரியாழ்வார் பாடின கண்டமென்னும் கடிநகர் அதுதானே? ஜோஷிமட்தான் திருப்பிரிதி, திருமங்கையாழ்வார் பாடினது. போயிட்டு வா, எனக்கும் சேர்த்துச் சேவிச்சுட்டு வா" என்றார். சறுக்குக் கட்டையைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் விவரிக்கவில்லை.

2024 ஜனவரி முழுக்க அங்கே பனியே விழவில்லை. மலையெல்லாம் காய்ந்து பழுப்பாகக் கிடப்பதாகத் தகவல் வந்தபடி இருந்தது. டிக்கெட்டைக் கையில் வைத்துக் கொண்டு, ஆடி மாதத்தில் காவேரியில் தண்ணீர் வருமா என்று பார்ப்பது போலப் பார்த்துக் கொண்டிருந்தோம். பிப்ரவரி பிறக்கிற சமயத்தில் விழுந்தது. நாங்கள் இரண்டாவது வாரம் கிளம்பினோம்.

டில்லி போய், அங்கிருந்து ரிஷிகேசம். ரிஷிகேசத்திலிருந்து ஜோஷிமட் 250 கிலோ மீட்டர். மலைப்பாதை என்பதால் பத்து மணி நேரமாவது பிடிக்கும். விடியற்காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். இருட்டிய பிறகு அந்தப் பாதையில் வண்டியில் இருக்கக் கூடாது. சுக்குப் பொடியும் எலுமிச்சம் பழமும் கைவசம் இருந்ததால் வளைவுகளைச் சமாளித்தோம். தேவப்பிரயாகையில் பாகீரதியும் அளகநந்தாவும் சேர்கிற இடத்தில் இறங்கிக் காலை நனைத்தோம். இந்த இடத்துக்கு அப்புறம்தான் ஆற்றுக்குக் கங்கை என்று பெயர். பிறகு ருத்ரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, நந்தப்பிரயாகை என்று பாதை நெடுக நதிகள் சேர்ந்து கொண்டே இருக்கின்றன.

ஜோஷிமட் ஆறாயிரம் அடி உயரம். (நாங்கள் திரும்பிய பிறகு, 2024 ஜூனில், ஜோதிர்மட் என்று அரசாங்கம் பெயரை மாற்றியது. ஆதிசங்கரர் நிறுவிய மடத்தின் பெயர் அது.) மேலே ஔலி கிட்டத்தட்டப் பத்தாயிரம் அடி. ஒரே மூச்சில் ஏறிவிடாமல் கீழே ஒரு ராத்திரி தங்கினால் உடம்பு பழகிக் கொள்ளும், தலைவலி வராது. தங்குவதற்கு ஒரு வீட்டில் மாடி அறை கிடைத்தது. வீட்டுக்கார அம்மாளுக்கு எங்கள் வயசுதான் இருக்கும். என் சிநேகிதி சின்ன வயதில் ஹிந்திப் பிரசார சபாவில் பிராத்மிக், மத்யமா எல்லாம் பாஸ் செய்தவள். அந்த ஹிந்தி முப்பது வருஷம் கழித்து அங்கேதான் உபயோகப்பட்டது.

மாடிப்படி ஏறும்போது சுவரில் ஒரு விரிசலைப் பார்த்தேன். அதன் நுனியில் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. கொஞ்சம் தள்ளி இன்னொரு கோடு, இன்னொரு தேதி. நம் வீடுகளில் குழந்தைகளின் உயரத்தைச் சுவரில் குறித்து வைப்போமே, அந்த மாதிரி அந்த அம்மாள் விரிசலைக் குறித்து வைத்திருந்தார். 2023 ஜனவரியில் இந்த ஊர் பூமியில் இறங்க ஆரம்பித்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டிடங்களில் விரிசல். குடியிருக்கக் கூடாத வீடுகளின் மேல் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டார்கள். பழைய மலைச்சரிவு மண்ணின் மேல் உட்கார்ந்திருக்கிற ஊர், இங்கே கனமான கட்டிடங்கள் கூடாது என்று 1976-லேயே ஒரு கமிட்டி எச்சரித்திருந்ததாம். "எங்க வீட்டுக்குப் பெருக்கல் குறி போடல. ஆனா ராத்திரி மழை பெஞ்சா டார்ச்சோட வந்து கோட்டைப் பார்ப்பேன்" என்றார் அந்த அம்மாள். சொல்லிவிட்டு ரொட்டி திருப்பப் போய்விட்டார். அவர் ஜீவனம் குளிர்காலத்தில் ஔலிக்கு வருகிறவர்களையும், வெயில் காலத்தில் பத்ரி யாத்திரைக்காரர்களையும் நம்பித்தான். பனி விழாத அந்த ஜனவரியில் மாடி அறை காலியாகவே கிடந்ததாம்.

அவர் வைத்த சாப்பாட்டைச் சொல்லாமல் போனால் பாவம். ரொட்டி கறுப்பாக இருந்ததே என்று பிட்டுப் பார்த்தால் கேழ்வரகு! அங்கே மண்டுவா என்கிறார்கள். நெய்யும் வெல்லமும் தொட்டுக் கொள்ள. கஹத் பருப்பு என்று ஒன்று கொண்டு வந்தார்; வாயில் வைத்ததுமே நம் கொள்ளு என்று தெரிந்துவிட்டது. குளிருக்கு உடம்பைச் சூடாக்கும், கல்லடைப்புக்கு நல்லது என்று அவரும் சொன்னார், என் பாட்டியும் அதையேதான் சொல்லுவாள். கடைசியில் ஜங்கோரா பாயசம். அது குதிரைவாலி. இரண்டாயிரம் மைல் தாண்டி வந்து நம் பாட்டி வீட்டுச் சாப்பாடு!

ஜோஷிமட்டிலிருந்து ஔலிக்கு நாலு கிலோ மீட்டர் நீளத்துக்கு ரோப்வே இருக்கிறது. பூமி இறங்கியதிலிருந்து அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆகவே ஜீப்பில்தான் போக வேண்டியிருந்தது. பாதி வழியில் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டினார் டிரைவர். அதைப் பார்த்ததும் நான் விஷ்ணு சகஸ்ரநாமத்தை ஆரம்பித்தேன்.

மேலே இறங்கியதும் எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. எதிரே நந்தாதேவி, 7,816 மீட்டர். முழுக்க முழுக்க நம் தேசத்துக்குள்ளேயே நிற்கிற சிகரங்களில் இதுதான் மிக உயரமானது. பக்கத்தில் யானை மாதிரியே ஹாத்தி பர்வதம். இன்னொரு பக்கம் துரோணகிரி, அனுமார் சஞ்சீவிக்காகப் பெயர்த்தெடுத்த மலையாம். அந்த மலையடியிலுள்ள கிராமத்தார் தங்கள் மலையைப் பிய்த்துக் கொண்டு போய்விட்டார் என்ற கோபத்தில் இன்றைக்கும் அனுமாரைக் கும்பிடுவதில்லை என்று டிரைவர் சொன்னார். கோபம் என்றால் அதுவல்லவோ கோபம்!

பனியைத் தொட்டால் எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். புதிதாக விழுந்தது, இடித்துச் சலித்த பச்சரிசி மாவு மாதிரி உதிரியாக இருக்கிறது. கையில் பிடித்தால் நிற்காது. வெயில் பட்டு மறுபடி உறைந்தது, கல்கண்டு மாதிரி நறநறவென்று. விழுவதானால் முதல் ரகத்தில் விழ வேண்டும்.

கட்டை, பூட்ஸ், கைத்தடி, மேலே போட்டுக் கொள்ளும் உடுப்பு எல்லாம் வாடகைக்குக் கிடைக்கின்றன. நாம் எடுத்துப் போக வேண்டியது உள்ளே போடும் கம்பளி உடுப்புதான். பருத்தி பனியன் வேண்டாம். வேர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து, நின்ற நிமிஷம் குளிர் எலும்பில் ஏறும். அந்தக் குளிரிலா வேர்க்கும் என்று கேட்காதீர்கள், நன்றாக வேர்க்கும். கறுப்புக் கண்ணாடி கட்டாயம். புதுப் பனி புற ஊதாக் கதிரில் எண்பது சதவிகிதம் வரை திருப்பி அடிக்கிறது. மேலிருந்து ஒரு சூரியன், கீழிருந்து ஒரு சூரியன். முகத்துக்கும் உதட்டுக்கும் கிரீம் தடவ வேண்டும், முகவாய்க்கு அடியிலும்கூட. திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கிற வயசு எனக்கு. அந்த மூன்று நாளும் ஸ்வெட்டரைக் கழற்றவே தோன்றவில்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பையனுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். அந்த ஊர்ப் பிள்ளை. எடுத்த எடுப்பில் "மாதாஜி" என்றான். என் சிநேகிதிக்கு முகம் சிவந்துவிட்டது.

பூட்ஸ் ஒவ்வொன்றும் அம்மிக்குழவி கனம். கணுக்கால் அசையாது. முழங்காலை முன்னால் மடக்கினால்தான் நிற்க முடியும். நிமிர்ந்து கம்பீரமாக நின்றால் பின்பக்கமாக உட்கார்ந்து விடுவோம். கட்டை நிறுத்தி வைத்தால் முகவாய் உயரம் வர வேண்டும், புதிதாகக் கற்பவர்களுக்கு அதுதான் அளவு. முதல் பாடம் விழுவது. பக்கவாட்டில், இடுப்பின் மேல் விழ வேண்டும். கையை ஊன்றினால் மணிக்கட்டு போச்சு. இரண்டாவது பாடம் எழுந்திருப்பது. கட்டைகள் சரிவுக்குக் குறுக்கே, உடம்புக்குக் கீழ்ப்புறமாக இருக்கும்படி திருப்பிக் கொண்டு, முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் தள்ளி எழ வேண்டும். மூன்றாவது நிற்பது. கட்டைகளின் முன்நுனி இரண்டும் நெருங்கி, பின்பக்கம் அகன்றிருந்தால் வேகம் குறையும். "பீட்ஸா துண்டு மாதிரி" என்றான் பையன். எங்களுக்கு அது உடனே பிடிபடவில்லை. "முறம்டி! முறம் மாதிரி வச்சுக்கோ" என்றாள் இவள். அப்புறம் எனக்கும் வந்தது. மூன்று நாளும் எங்களுக்குள் "முறம், முறம்" என்றுதான் கத்திக் கொண்டோம்.

முதல் நாள் குழந்தைகள் சறுக்குகிற மேட்டில்தான். நாலு வயசுக் குழந்தைகள் எங்களைச் சுற்றி வண்டு மாதிரி போயின. மேலே ஏற லிப்ட் எல்லாம் உண்டு, எங்களுக்குக் கிடையாது. பக்கவாட்டில் நண்டு மாதிரி அடியெடுத்து வைத்து ஏறி, பத்து வினாடி சறுக்கி, மறுபடி நண்டு நடை. மத்தியானத்துக்குள் நான் பதினொரு தடவை விழுந்தேன். அவள் ஏழு.

இரண்டாம் நாள் கொஞ்சம் உயரமான சரிவு. நான் பாதியில் முறம் போட்டு நின்றுவிட்டேன். அவள் நிற்கவில்லை. என்னைத் தாண்டிப் போனாள், வேகம் கூடியது, ஒரு கட்டை கழன்று பறந்தது, அவள் இரண்டு தடவை உருண்டு கீழே கிடந்தாள். அசையவில்லை. முப்பதடி தூரம்தான். ஆனால் என் காலில் இருந்த கட்டையோடு ஒரு அடிகூட எனக்கு எடுத்து வைக்கத் தெரியவில்லை. ஆபரேஷன், தையல், அவள் வீட்டுக்காரரின் முகம் எல்லாம் ஒரே வினாடியில் எனக்கு முன்னால் வந்தன. "ஏய்!" என்று கத்தினேன். அவள் வயிறு குலுங்குவது தெரிந்தது. அழுகிறாள் என்றே நினைத்தேன். கிட்டே வந்த பையன், "சிரிக்கிறாங்க" என்றான்.

நான் அவனை, "தூக்கி விடுப்பா" என்று சைகை செய்தேன். அவன், எங்கேயாவது வலிக்கிறதா, கையை அசைக்க முடிகிறதா, காலை அசைக்க முடிகிறதா என்று அவளை வரிசையாகக் கேட்டான். ஒன்றுமில்லை என்றதும் கழன்ற கட்டையைக் கொண்டு வந்து பக்கத்தில் போட்டுவிட்டு, கையைக் கட்டிக் கொண்டு நின்றான். எனக்கு வந்த கோபம்! நாலு தடவை எழ முயன்று சறுக்கி விழுந்தாள். ஐந்தாவது தடவை எழுந்து நின்றாள். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் பனி, ஒரு கையுறை எங்கேயோ. "பார்த்தியா, யாரும் தூக்கல!" என்று கீழேயிருந்து எனக்குக் கேட்கும்படி கத்தினாள்.

அன்று சாயங்காலம் கட்டைகளைக் கடையில் திருப்பிக் கொடுக்க நடந்து கொண்டிருந்தபோது அவள் வீட்டுக்காரர் போன் செய்தார். சாப்பிட்டாயா, குளிர் தாங்குகிறதா எல்லாம் கேட்டுவிட்டு, "கனமா ஒண்ணும் தூக்கலையே?" என்று கேட்டது எனக்கே கேட்டது. தோளில் இரண்டு கட்டை, இன்னொரு கையில் பூட்ஸ், போனைக் கழுத்தில் இடுக்கிக் கொண்டு, "இல்லீங்க" என்றாள்.

மூன்றாம் நாள் நானும் திரும்பக் கற்றுக் கொண்டேன். வலப்பக்கம் திரும்ப இடது காலில் கனத்தைப் போட வேண்டும், இடப்பக்கம் திரும்ப வலது காலில். இதைப் புத்தியால் செய்ய முடியாது, தொடைதான் செய்ய வேண்டும். சரிவின் உச்சியிலிருந்து அடி வரை விழாமல் ஒரே ஒரு தடவை வந்து சேர்ந்தேன். பையன் கை தட்டி, "ஷாபாஷ், தீதி!" என்றான். மாதாஜியிலிருந்து தீதிக்கு வர மூன்று நாள் ஆயிற்று.

கீழே வந்து நரசிம்மர் கோயிலில் மாமியாருக்கும் சேர்த்துச் சேவித்தேன். பத்ரிநாதர் கோயில் நடை சாத்துகிற குளிர்காலத்தில் பூஜைகள் கீழே நடக்கின்றன. சங்கரரின் ஆசனத்தையும் இந்தக் கோயிலுக்குத்தான் கொண்டு வருகிறார்கள். சாளக்கிராம மூர்த்தியான இந்த நரசிம்மரின் ஒரு கை மணிக்கட்டு வரவர மெலிந்து வருவதாகவும், அது ஒடிகிற நாளில் மலைகள் இரண்டும் சேர்ந்து பத்ரிக்குப் போகிற வழி அடைபட்டு விடும் என்றும் ஐதீகம். வீட்டுக்கார அம்மாளும் எங்களோடு வந்திருந்தார். அவர் அந்தக் கையையேதான் பார்த்துக் கொண்டு நின்றார். வெளியே வந்ததும் நீதிப் பள்ளத்தாக்குப் பக்கம் கையைக் காட்டி, "அங்கேதான் ரேணி கிராமம்" என்றார். 1974-ல் கௌராதேவி என்ற விதவை, கிராமத்துப் பெண்களைச் சேர்த்துக் கொண்டு, மரம் வெட்ட வந்தவர்களை மரத்தைக் கட்டிக் கொண்டு தடுத்தாரே, அந்த ஊர். 2021 பிப்ரவரி வெள்ளம் அந்தப் பக்கத்தைத்தான் அடித்துக் கொண்டு போனது. கிளம்பும்போது ஒரு துணிப்பையில் ஒரு படி கொள்ளு கட்டிக் கொடுத்தார். திருச்சியில் அதில் ரசம் வைத்தேன்.

போக நினைக்கிறவர்களுக்கு: ஜனவரி கடைசியும் பிப்ரவரியும்தான் காலம், பனி விழுந்திருக்கிறதா என்று விசாரித்துக் கொண்டு கிளம்புங்கள். ரோப்வே, பாதை, தங்குமிடம் மூன்றையும் முன்கூட்டிக் கேட்டுக் கொள்ளுங்கள். இருதயக் கோளாறு, ரத்த அழுத்தம், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களும், ஆபரேஷன் ஆனவர்களும் டாக்டரைக் கேட்காமல் போக வேண்டாம். கர்ப்பிணிகள் பனியைப் பார்ப்பதோடு நிறுத்திக் கொள்ளலாம். மேலே தாகமே எடுக்காது, அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் தலைவலி நிச்சயம். குழந்தைகளுக்கு இரண்டு ஜோடி கையுறை எடுத்துப் போங்கள், ஒன்று எப்படியும் நனைந்துவிடும்.

அரசாங்க சுற்றுலாக் கழகத்தார் அங்கே ஏழு நாள் வகுப்பும் பதினாலு நாள் வகுப்பும் நடத்துகிறார்கள். என் சிநேகிதி ஏழு நாள் வகுப்புக்கு விவரமெல்லாம் விசாரித்து வைத்திருக்கிறாள். நான் வாரத்தில் இரண்டு நாள் மலைக்கோட்டை ஏறிக் கொண்டுதான் இருக்கிறேன்.